ஜூமைத் தொடாதீங்க, ரெண்டு அடி நடங்க

உங்க போன் கேலரியைத் திறந்து கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்க. சிம்போசியம் குரூப் போட்டோ, ஹாஸ்டல் பர்த்டே கேக், போர்டை அழிக்கறதுக்குள்ள அவசரமா எடுத்த நோட்ஸ், டூர் போன பஸ்ஸின் ஜன்னல். இப்போ அதில் ஒரே ஒரு படம் தேடுங்க. உங்க அம்மாவோ அப்பாவோ வேலை செய்துகொண்டிருக்கும்போது எடுத்த படம். கல்யாண வீட்டில் பட்டுப்புடவையோடு நின்னது கணக்கில் வராது. தறியில், கடையில், வயலில், டிரைவர் சீட்டில், ஆபீஸ் டேபிளில், அடுப்படியில், வேலையில் இருக்கும்போது எடுத்தது.

நம்மில் நிறைய பேரிடம் இருக்காது. கேலரியில் பத்தாயிரம் படம் இருக்கும். நம்ம செமஸ்டர் ஃபீஸைக் கட்டிய வேலையின் படம் மட்டும் இருக்காது.

சொந்த ஊர், சொந்த மக்கள், அவங்க வேலை, அவங்க கதை. இதைப் போட்டோவாகவும் வீடியோவாகவும் பதிவு செய்வதையே வேலையாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவங்க உண்மையில் என்ன செய்கிறார்கள், அந்த வேலை எங்கே கஷ்டம், நம்ம கையில் இருக்கும் போனை வைத்து அதை ஆரம்பிக்க முடியுமா என்பதுதான் இந்தக் கட்டுரை. நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். பயப்படாதீங்க, எம்-1 பேப்பர் அளவுக்கு இருக்காது.

ஜவஹர்லால்புரத்துத் தெருவிளக்கு

எம். பழனி குமார் என்ற பெயரை நீங்க கேள்விப்பட்டிருக்கலாம். மதுரைக்காரர். அம்மா மீன் விற்பவர். ஜவஹர்லால்புரத்தில் எட்டுக்கு எட்டு அடி வீடு, அதில் ஐந்து பேர். 2006-ல்தான் அந்த வீட்டுக்குக் கரண்ட் வந்தது. அதுவரை வீட்டு வாசலில் இருந்த தெருவிளக்குதான் வெளிச்சம். இதையெல்லாம் அவரே எழுதியிருக்கிறார், ‘பாரி’ இணையதளத்தில். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-ல் தொடங்கிய கிராமப்புற இந்தியாவுக்கான மக்கள் ஆவணக் காப்பகம்தான் பாரி. தமிழிலும் படிக்கலாம், காசு கிடையாது.

2017-ல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் பழனி குமார். இயக்கியவர் திவ்யபாரதி. கையால் மலம் அள்ளும் வேலையில் இருப்பவர்கள் பற்றிய படம் அது. திரையிட அனுமதி மறுக்கப்பட்டு, யூடியூபில் ஏற்றப்பட்டு, அப்படித்தான் மக்களிடம் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு பழனி குமார் தூய்மைப் பணியாளர்களின் குடும்பங்கள், மீன் விற்கும் பெண்கள், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்கள், ராமநாதபுரம் பாரதிநகரில் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் எனத் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருக்கிறார். 2022-ல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முறையாகக் கொடுக்கப்பட்டபோது அது அவருக்குத்தான் கிடைத்தது.

அவர் படங்களைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனிங்க. பாசி எடுக்கும் பெண்கள் விரலில் துணியைச் சுற்றியிருப்பார்கள், காலில் செருப்பைக் கட்டியிருப்பார்கள். பாறையும் பாசியும் கையைக் காலைக் கிழித்துவிடும் என்பதால் அவங்களே செய்துகொண்ட பாதுகாப்பு. இந்த விரல் படத்தை எடுக்க பெரிய லென்ஸ் வேண்டாம். ஆனா கடலோரத்தில் நின்று எடுத்தால் இது தெரியாது. படகில் ஏறணும். படகில் ஏற்றிக்கொள்ளும் அளவுக்கு அவங்க உங்களை நம்பணும். அந்த வேலையில் பெரும்பகுதி கேமராவைப் பையில் இருந்து எடுப்பதற்கு முன்னாடியே நடந்து முடிந்துவிடுகிறது.

ஒரு படம் என்ன செய்யும்?

“படம் எடுத்து என்ன மாறப்போகுது?” நியாயமான கேள்வி. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்து 1993-லேயே சட்டம் வந்துவிட்டது. 2013-ல் இன்னும் கடுமையாக இன்னொரு சட்டம். 2014-ல் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறங்கி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2023-ல் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. இவ்வளவுக்குப் பிறகும் மரணச் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது, பேப்பரில் ஒரு மூலையில், நாலு வரியில்.

அந்த நாலு வரியில் இறந்தவருக்கு முகம் இருக்காது. அவர் எந்த வேலைக்குக் கூப்பிடப்பட்டார், கூப்பிட்டது யார், கையில் என்ன கொடுத்து இறக்கினார்கள் என்பதும் இருக்காது. இழப்பீடு வாங்க வேண்டுமென்றால், அவர் இறந்தது அந்த வேலையில்தான் என்று குடும்பம் காட்டியாக வேண்டும். இங்கே ஒரு போட்டோவோ, தேதி போட்ட வீடியோவோ அழகுக்காக இல்லை. சட்டம் போட்டாச்சு, அதனால் அந்த வேலையே இல்லை என்று யாராவது சொன்னால், இருக்கு என்று காட்டும் சாட்சி அது.

எல்லாப் பதிவும் இவ்வளவு கனமாக இருக்க வேண்டியதில்லை. உங்க தெருவில் கடைசியாக ஈயம் பூசுபவர், ஊரில் மிஞ்சியிருக்கும் ஒரே கைத்தறி, டைப்ரைட்டிங் சென்டர் நடத்தும் மிஸ். அவங்க போன பிறகு அந்த வேலை எப்படி நடந்தது என்று கேட்டால் சொல்ல ஆள் இருக்காது. அதுவும் ஓர் இழப்புதான்.

தூரம் பற்றிய ஒரு கணக்கு

இப்போ கணக்கு. நிறைய பேர் நினைப்பது, ஜூம் பண்ணுவதும் பக்கத்தில் போவதும் ஒன்று என்று. இரண்டும் ஒன்று கிடையாது. படத்தில் பொருட்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது லென்ஸ் இல்லை, நீங்க நிற்கும் இடம். லென்ஸும் ஜூமும் அந்தக் காட்சியில் எவ்வளவு பகுதியை வெட்டி எடுக்கணும் என்பதை மட்டும்தான் முடிவு பண்ணும்.

ஒருவர் முகத்தில் மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே தோராயமாக 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போனை முகத்துக்கு 40 சென்டிமீட்டரில் பிடித்தால் மூக்கு 40-ல், காது 50-ல். தூரம் குறைந்தால் உருவம் பெரிதாகும், எனவே மூக்கு காதைவிட 25 சதவீதம் பெரிதாக்கப்பட்டு விழும். செல்ஃபியில் மூக்கு புடைத்துத் தெரிவதன் காரணம் இதுதான். இரண்டு மீட்டரில் நின்றால் 200-க்கு 210, வெறும் 5 சதவீதம். கிட்டத்தட்ட நேரில் பார்க்கும் முகம்.

சரி, அப்போ இன்னும் தள்ளிப் போய் ஜூம் பண்ணினால் இன்னும் நல்லதுதானே? இங்கேதான் சிக்கல். ஒரு அம்மா நிற்கிறார், அவருக்குப் பின்னால் 10 மீட்டரில் ஒரு குப்பைமேடு. நீங்க 2 மீட்டரில் நின்று எடுத்தால் மேடு உங்களிடமிருந்து 12 மீட்டர். அவரைவிட ஆறு மடங்கு தள்ளி இருப்பதால் அந்த அளவுக்குச் சின்னதாக விழும். அதே ஆளை 20 மீட்டர் தள்ளி நின்று ஜூமில் அதே அளவுக்கு இழுத்தால் மேடு 30 மீட்டரில், அவரைவிட ஒன்றரை மடங்குதான் தள்ளி. அதாவது முதல் படத்தோடு ஒப்பிட்டால் குப்பைமேடு நாலு மடங்கு பெரிதாகி அவர் தலைக்கு மேல் ஏறி நிற்கும். போட்டோஷாப் தொடவே இல்லை. ஆனாலும் அந்த அம்மாவின் வாழ்க்கை குப்பைக்குள் இருப்பதாகப் படம் சொல்லிவிடும்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. 20 மீட்டரில் நிற்கும் உங்களை அவருக்குத் தெரியவே தெரியாது. 2 மீட்டர் என்பது பேச்சு கேட்கும் தூரம். “எதுக்குப்பா எடுக்கிற?” என்று அவர் கேட்கலாம். “வேணாம் கண்ணு, குளிக்கக்கூட இல்ல” என்று சொல்லலாம். நீங்க பதில் சொல்லித்தான் ஆகணும். முகம் சரியாக விழும் தூரமும், எதிரே இருப்பவர் மறுப்பு சொல்லக்கூடிய தூரமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே அமைந்திருப்பது நமக்கு வசதிதான்.

அதனால் போனை ஒன்று-எக்ஸிலேயே வையுங்க. இரண்டு மீட்டருக்கு நடந்து போங்க. அந்த இடத்தில் ஆளும் முழுசாக வருவார், அவர் உட்கார்ந்து வேலை செய்யும் இடமும் சேர்ந்து வரும்.

வீடியோ என்றால் முதலில் காது

படம் கொஞ்சம் ஆடினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு புரியாவிட்டால் அடுத்த நொடியே தள்ளிவிட்டுப் போய்விடுவார். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியாகும்போது ஒலி சுமார் 6 டெசிபல் கூடும். கேமராவோடு 2 மீட்டரில் இருக்கும் மைக்கை 25 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் மூன்று முறை பாதியாகிறது, 18 டெசிபல் லாபம். தெருச் சத்தம் அதே அளவில்தான் இருக்கும், பேச்சு மட்டும் மேலே வரும்.

இதற்குக் காலர் மைக் இருந்தால் நல்லது. இல்லையென்றால் நண்பரின் போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு, பேசுபவரின் சட்டைப் பையிலோ மடியிலோ வையுங்க. இரண்டு போனும் ஓட ஆரம்பித்ததும் ஒரு தடவை கை தட்டுங்க. எடிட்டிங்கில் அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் ஒலியையும் பொருத்திவிடலாம். பேசி முடித்ததும் அதே இடத்தில் யாரும் பேசாமல் அரை நிமிடம் பதிவு பண்ணுங்க. வெட்டி ஒட்டும் இடங்களில் அந்த வெறும் சத்தம்தான் காப்பாற்றும்.

வெளிச்சத்திலும் ஒரு விஷயம். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட்டும் பல மலிவான எல்இடி பல்புகளும் நொடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும், படத்தில் பட்டை பட்டையாக ஓடும். போனில் ப்ரோ மோடு இருந்தால் நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று வையுங்க. பட்டை பெரும்பாலும் போய்விடும்.

கேள்விகளில், “உங்க கஷ்டத்தைச் சொல்லுங்க” என்று ஆரம்பிக்காதீங்க. கஷ்டம் எதிர்பார்த்துப் போனால் கஷ்டம் மட்டும்தான் கிடைக்கும். “இதை எப்படிச் செய்றீங்க?” என்று கேளுங்க. நல்ல மீனை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்தக் காற்றில் கடலுக்குப் போகக்கூடாது, கூலி பேசும்போது யார் முதலில் பேசுவது. ஒவ்வொருவரும் தன் தொழிலில் எக்ஸ்பர்ட். அங்கிருந்து ஆரம்பித்தால் கஷ்டமும் அதன் இடத்தில் தானாக வரும்.

‘நம்ம ஊர்’ என்று சொல்வதில் ஒரு கவனம்

சொந்த ஊர் என்பதாலேயே எல்லாரும் நமக்குச் சொந்தம் ஆகிவிட மாட்டார்கள். ஒரே ஊருக்குள் மெயின் தெருவும் இருக்கு, காலனியும் இருக்கு. மெயின் தெருவில் வளர்ந்த ஒருவர் கேமராவோடு காலனிக்குள் போனால், அந்த ஊர்க்காரர் என்றாலும் அவர் அங்கே வெளியாள்தான். வெளியூர்க்காரரைவிட ஒருபடி மேலே கூட, ஏன்னா அங்கே இருப்பவர்களால் அவரிடம் “முடியாது” என்று சுலபமாகச் சொல்ல முடியாமல் போகலாம். ஒரு பையன் பெண்களை எடுக்கப் போவதும், முதலாளி வீட்டுப் பிள்ளை வேலையாட்களை எடுப்பதும் இதே கணக்குதான்.

அதனால் சம்மதம் என்பது தலையாட்டல் மட்டும் இல்லை. மூன்று விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கணும். ஒன்று, படம் எங்கே போகப்போகிறது. “சும்மா காலேஜுக்கு” என்று சொல்லி எடுத்துவிட்டு இன்ஸ்டாவில் போடுவது ஏமாற்றுதான். இரண்டு, யார் பார்க்கக்கூடும். சாக்கடை வேலை செய்யும் அப்பாவின் முகத்தை நீங்க போட்டால், ஸ்கூலில் அவர் பெண்ணை மற்ற பிள்ளைகள் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதை அவர்தான் யோசித்துச் சொல்ல முடியும், நம்மால் முடியாது. மூன்று, பிறகு மனசு மாறினால் எடுக்கச் சொல்லலாம் என்பது. எடுத்ததை அங்கேயே அவரிடம் காட்டுங்க. வெளியிடுவதற்கு முன்னால் இன்னொரு முறை காட்டுங்க. போனில் லொக்கேஷன் டேகை அணைத்து வையுங்க, ஒருவர் வீடு எங்கே இருக்கிறது என்பது படத்தோடு சேர்ந்து ஊர் சுற்ற வேண்டாம்.

பழனி குமார் செய்யும் இன்னொரு வேலை இங்கே பொருந்தும். மீனவர், தூய்மைப் பணியாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அவர் புகைப்படம் எடுக்கக் கற்றுத் தருகிறார். யாரோ வந்து நம்மை எடுப்பதற்குப் பதில் கேமரா அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தால் எது படமாகும், எது ஆகாது என்பதை அந்தப் பிள்ளைகளே முடிவு செய்வார்கள்.

திரும்பிப் போனவர்

இதே வேலையை வேறொரு நாட்டில், இதைவிட ரொம்ப முன்னாடி செய்த ஒருவரையும் சொல்லணும். மில்ட்டன் ரோகோவின். அமெரிக்காவில் பஃபலோ என்ற ஊரில் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுப்பவர். 1957-ல் கம்யூனிஸ்ட் என்று சந்தேகித்து நாடாளுமன்றக் குழு ஒன்று அவரை விசாரணைக்கு அழைத்தது. பேப்பரில் பெயர் வந்தது, கடைக்கு வருபவர்கள் குறைந்தார்கள். அந்தக் காலகட்டத்தில்தான் அவர் கேமராவைத் தீவிரமாகக் கையில் எடுத்தார்.

1972-ல் தன் கடைக்குப் பக்கத்திலேயே, லோயர் வெஸ்ட் சைடு என்ற ஏழைக் குடியிருப்பில் எடுக்க ஆரம்பித்தார். எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு அவங்களுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். எப்படி நிற்கணும் என்று சொல்ல மாட்டார், அவங்க விருப்பம். பல வருஷம் கழித்து அதே ஆட்களைத் தேடிப் போய் மறுபடி எடுத்தார். பிறகு மறுபடியும். சிலரை 2000-களின் தொடக்கம் வரை நாலு முறை எடுத்திருக்கிறார். கைக்குழந்தையாக இருந்தவர் அடுத்த படத்தில் வளர்ந்து நிற்பார். சிலர் இருந்த இடம் காலியாக இருக்கும். 2011-ல் தன் 101-வது வயதில் ரோகோவின் இறந்தார். அவர் படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன.

ஒரு தடவை எடுத்தால் அது ஒரு நல்ல போட்டோ. பத்து வருஷம் கழித்து அதே ஆளை, அதே வாசலில் எடுத்தால் அது ஒரு தெருவின் வரலாறு. இதற்குத் திறமையைவிடத் திரும்பிப் போகும் பழக்கம்தான் தேவை. உள்ளூரில் இருப்பவருக்கு இருக்கும் பெரிய வசதியும் அதுதான். வெளியூர்க்காரர் ரயில் பிடித்துப் போய்விடுவார், உங்களுக்கு அது எப்படியும் வீட்டுக்குப் போகும் வழி.

தொலைந்து போகாமல்

திரும்பிப் போவதென்றால் பழைய படம் கையில் இருக்கணும். ஃபுல் எச்டி வீடியோ ஒரு மணி நேரத்துக்கு சுமார் 7.5 ஜிபி பிடிக்கும், நொடிக்கு 17 மெகாபிட் என்று போட்டுப் பெருக்கிப் பாருங்க. போன் நிறைந்ததும் எதையாவது அழிப்போம், அழிவது இதுவாகத்தான் இருக்கும். மூன்று பிரதி, அதில் இரண்டு வேறு வேறு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில். இது பேக்கப்பின் பழைய விதி. லேப்டாப், ஒரு ஹார்டு டிஸ்க், ஒரு கிளவுடு என்றால் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்ததைப் பிரதி என்று கணக்கு வைக்காதீங்க. அது படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த தேதி உள்ளிட்ட விவரங்களையும் கழற்றிவிடும்.

அன்று இரவே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் நாலு வரி எழுதுங்க. யார், எங்கே, எப்போது, என்ன செய்துகொண்டிருந்தார். அவர் தொழிலில் ஒவ்வொரு கருவிக்கும் அவர் சொல்லும் பெயர் என்ன. இந்தக் கடைசி விஷயம் பலருக்குத் தோன்றாது. தறியின் ஒவ்வொரு பாகத்துக்கும், வலையின் ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு பெயர் இருக்கு, அது நம்ம பாடப்புத்தகத்தில் இல்லை, பல சமயம் அகராதியிலும் இல்லை. படம் இருந்து பெயர் இல்லாவிட்டால் பாதிதான் மிச்சம்.

பொங்கல் லீவுக்கு ஒரு வேலை

இதெல்லாம் படித்துவிட்டு டிஎஸ்எல்ஆர் விலை தேட ஆரம்பிக்காதீங்க. லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்க. வீட்டிலேயே இருந்தால் இன்னும் நல்லது. முதல் நாள் போனை எடுக்காம அவங்க வேலைக்கு ஒரு நாள் கூடவே போங்க. எத்தனை மணிக்குக் கிளம்புறாங்க, எங்கே டீ குடிக்கிறாங்க, எந்த வேலையில் முதுகு வலிக்குதுன்னு பாருங்க. மறுநாள் கேட்டுவிட்டு எடுங்க. பத்து படம் போதும். முகம் ஒன்று, கை ஒன்று, கருவி ஒன்று, வேலை நடக்கும் இடம் ஒன்று, மீதி உங்க இஷ்டம். அஞ்சு நிமிஷம் பேச வைத்துப் பதிவு பண்ணுங்க.

அவங்க முதலில் சொல்லப்போவது எனக்கு இப்பவே தெரியும். “இதப் போய் எதுக்குடா எடுக்கிற, இதுல என்ன இருக்கு?” அதற்கு உங்களிடம் ஒரு பதில் இருக்கணும். யோசித்து வைத்துக்கொண்டு போங்க. ஊரிலிருந்து கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டுடியோவில் ஒரு படத்தைப் பிரிண்ட் போட்டு அவங்க கையில் கொடுத்துட்டு வாங்க. அடுத்த லீவுக்கு அது சுவரில் மாட்டியிருக்கா, பீரோவுக்குள் இருக்கா என்று பாருங்க. எங்கே இருந்தாலும், அன்றைக்கு இரண்டாவது படம் எடுக்கலாம்.